எட்டில் இரண்டு

லெனாட் அண்ணை சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தில் இரண்டு தடவை தோற்றவர். இதை அவர் மறைப்பதில்லை. கொக்குவிலில் புகையிரதப் பாதைக்குப் பக்கத்தில், மதில் கட்டிய ஒரு வீட்டின் முன் அறைகளில்தான் எங்கள் கணினி நிறுவனத்தின் கந்தோர் இருக்கிறது. யார் புதிதாக வேலைக்கு வந்தாலும் முதல் நாளே சேர்வர் இருக்கும் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய், "நான் கணக்கிலை ரெண்டு தரம் பெயில். ஆனா இந்த அறைக்குள்ளை நான் சொல்லுறதுதான் கணக்கு" என்பார்.

நான் கணினி விஞ்ஞானத்தில் பட்டம் எடுத்துக்கொண்டு அங்கே போனவன். உடுப்பிட்டியில் எங்கள் வீட்டில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள். அந்த நினைப்பு எனக்கு நிறையவே இருந்தது. முதல் நாள் அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "கம்பஸ் தம்பி, வயர் பிடிக்கத் தெரியுமோ?" என்று கேட்டபோது கோபம் வந்தது. கோபம் கனநாள் நிற்கவில்லை. சேர்வரின் காற்றாடிச் சத்தத்தை வைத்தே உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லக்கூடிய மனிதரோடு எத்தனை நாளைக்குக் கோபிக்க முடியும்?

அவர் குருநகர்க்காரர். தகப்பன், அண்ணன்மார், மச்சான்மார் எல்லோரும் கடற்தொழில். லெனாட் அண்ணைக்கு மட்டும் படகில் ஏறினால் வயிற்றைப் புரட்டும். பதினாறு வயதில் மூன்று தடவை கடலுக்குப் போய் மூன்று தடவையும் சத்தி எடுத்ததால், குருநகரில் இன்றுவரை அவர் 'சத்தி லெனாட்'. கடலுக்கு உதவாதவர் என்று தெரிந்ததும் தொலைபேசி திருத்தும் கடை ஒன்றில் நின்றார். பிறகு கேபிள் இழுத்தார். பிறகு எங்கள் கந்தோருக்கு வந்தார். நான் சேர்ந்தபோது அவருக்கு முப்பத்தெட்டு வயது, பதினொரு வருட அனுபவம்.

படகுகளுக்குப் பெட்டி பூட்டும் யோசனையும் அவருடையதுதான். சவர்க்காரப் பெட்டி அளவில் ஒரு கருவி. படகு எங்கே நிற்கிறது என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எங்கள் சேர்வருக்குச் சொல்லும். ஆபத்து என்றால் சிவப்புப் பொத்தானை அழுத்தவேண்டும். அழைப்பு சேர்வருக்குப் போய், அங்கிருந்து கடற்தொழிலாளர் சங்கத்துக்கும் பக்கத்தில் நிற்கும் படகுகளுக்கும் செய்தியாகப் போகும். எங்கள் முதலாளி றஞ்சித் சுவிஸில் இருபது வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர். யோசனையைக் கேட்டவுடனே சரி என்றார். தொழிலாளரைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரிய பாடாக இருந்தது. அந்தப் பாட்டை லெனாட் அண்ணைதான் பட்டார். இரண்டு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்த கையோடு கரைக்குப் போய்ப் படகு படகாகக் கதைத்தார்.

கனிசியஸ் அவர்களில் கடைசியாகச் சம்மதித்தவர். ஐம்பது வயது கடந்த மனிதர். லெனாட் அண்ணை வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி வீடு. அவரைக் கேட்க வீட்டுக்குப் போன அன்று நானும் கூடப் போயிருந்தேன். வலையில் சிக்கு எடுத்துக்கொண்டிருந்தவர் தலை நிமிராமலே கேட்டார்:

"சத்தி, உந்தப் பெட்டி மீன் எங்கை நிக்குதெண்டு சொல்லுமோ?"

"மீனைச் சொல்லாது அண்ணை. நீங்கள் எங்கை நிக்கிறியள் எண்டு சொல்லும்."

"அது எனக்குத் தெரியுந்தானே?"

"உங்கடை மனிசிக்குச் சொல்லும்."

"ஐயோ, அப்ப வேண்டவே வேண்டாம்" என்றார் கனிசியஸ். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வீட்டு வாசலில் நின்ற அவருடைய மனைவி மக்டலீன் அக்கா, "பூட்டு லெனாட். நீ பூட்டு. நான் பாக்கிறன் ஆர் கழட்டுறதெண்டு" என்றார். அதோடு பெட்டி பூட்டியாயிற்று.

பொத்தானைக் காட்டி லெனாட் அண்ணை விளங்கப்படுத்தினார். "அழுத்தினா இந்தப் பச்சை லைற் எரியும். எரிஞ்சா எங்களுக்கு அழைப்பு வந்திட்டுது எண்டு அர்த்தம். உடனை நங்கூரத்தைப் போட்டிட்டு அந்த இடத்திலையே நில்லுங்கோ. இழுபட்டுப் போனியளெண்டா தேடிப் பிடிக்கேலாது."

கனிசியஸ் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "காத்துக்குள்ளை நங்கூரம் போட்டா படகு தண்ணி குடிக்கும். நீ கடலுக்குப் போனவனெண்டா உனக்குத் தெரிஞ்சிருக்கும்."

"இருபது நிமிசந்தானே அண்ணை. அதுக்குள்ளை ஆள் வரும்."

"வராட்டி?"

"வரும். நான் சொல்லுறன்."

அந்த 'நான் சொல்லுறன்' என்ற வார்த்தைக்குத்தான் குருநகரில் நானூற்றுப் பத்துப் படகுகள் பெட்டி பூட்டின.

சேர்வரைப் பற்றியும் சொல்லவேண்டும். அதற்குள் எட்டு கோர்கள். கோர் என்றால் வேலை செய்யும் ஓர் ஆள் என்று வைத்துக்கொள்ளலாம். எட்டுப் பேர், ஒவ்வொருவருக்கும் முன்னால் ஒரு வரிசை. எந்த வேலை எந்த வரிசையில் நிற்பது என்று பார்ப்பதற்கு உள்ளே ஸ்கெடியூலர் என்று ஒன்று இருக்கிறது. ஒரு வரிசை நீண்டுபோய் இன்னொருவர் சும்மா இருந்தால், நீண்ட வரிசையில் நிற்கும் வேலையை இழுத்துச் சும்மா இருப்பவரிடம் விடும். இதை அது இடைவிடாமல் செய்துகொண்டிருக்கும். ஆனால் 'இந்த வேலை இன்ன ஆட்களிடம் மட்டும்தான் போகலாம்' என்று நாங்கள் வேலி போட்டுவிட்டால் அது வேலியைத் தாண்டாது. வேலிக்கு வெளியே எத்தனை பேர் சும்மா இருந்தாலும் தாண்டாது. பல்கலைக்கழகத்தில் இந்தப் பாடத்தில் எனக்கு 'ஏ' தரம்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டில், ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் கரண்ட் இல்லாத காலத்தில், லெனாட் அண்ணை ஒரு வேலை செய்தார். ஜெனரேற்றருக்கு டீசல் கிடையாது. இருந்தது இன்வேட்டரும் நாலு பற்றரியும்தான். கரண்ட் போனவுடனே எட்டு கோரில் ஆறைத் தானாகவே நிறுத்தி, இரண்டில் மட்டும் சேர்வரை ஓட்டும்படி சிறிய புரோகிராம் ஒன்று எழுதினார். கரண்ட் வந்ததும் ஆறும் திரும்ப எழும்பும். பற்றரி ஒன்றரை மணித்தியாலம் கூடுதலாக நின்றது. கொழும்பில் இருப்பவனுக்கு இப்படி ஒரு யோசனை வந்திராது. வீட்டில் ஒரு அறைக்கு மேல் விளக்கெரியாமல் வளர்ந்த எங்களைப் போன்றவர்களுக்குத்தான் இது முதலில் தோன்றும். றஞ்சித் அவருக்குக் கைகொடுத்தார். நான் எழுந்து நின்று கைதட்டினேன்.

பற்றரி செத்துச் சேர்வர் அணைந்து, பிறகு புதிதாக எழும்புவதுதான் அந்தக் காலத்தில் வழக்கம். புதிதாக எழும்பினால் எல்லாம் முறையாக இருக்கும். அதனால் அந்தப் புரோகிராமில் இருந்த பிழை எங்கள் ஒருவருக்கும் தெரியவில்லை. கரண்ட் ஒழுங்காக வரத் தொடங்கிய பிறகு அப்படி ஒரு புரோகிராம் இருப்பதையே மறந்துபோனோம்.

பிறகு வந்த ஒரு கார்த்திகை மாதம், புதன்கிழமை. காலை ஏழு மணிக்குக் கரண்ட் போய்ப் பதினொரு நிமிடத்தில் வந்துவிட்டது. எட்டரை மணியிலிருந்து காற்று எழும்பத் தொடங்கியது. மதியத்துக்குள் திரும்பிவிடலாம் என்று விடியவே போன படகுகள் எல்லாம் கடலில். காற்று எழும்பினால் பெட்டிகள் நிமிடத்துக்கு ஒருமுறை இடம் சொல்லும்படி வைத்திருந்தோம். கரையில் நின்ற பெண்கள் எல்லோரும் தொலைபேசியில் படகு வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார்கள். கந்தோர்ச் சுவரில் ஒரு திரை உண்டு. சேர்வருக்கு எவ்வளவு வேலை என்று காட்டும். எழுபதைத் தாண்டினால் சிவப்பு. ஒன்பது இருபதுக்கு லெனாட் அண்ணை அதைப் பார்த்தார். இருபத்தாறு வீதம், பச்சை. "மெசின் சும்மா கிடக்குது" என்றார். நானும் பார்த்தேன். தேத்தண்ணி குடித்தோம்.

ஒன்பது ஐம்பத்தேழுக்கு அவருடைய தொலைபேசி அலறியது. கனிசியஸின் படகு. சங்கத்திலிருந்து மூன்று படகுகள் உடனே வெளிக்கிட்டன. போய்ச் சேரப் பத்தேகால். படகு கவிழ்ந்து கிடந்தது. நங்கூரக் கயிறு விறைத்தபடி நின்றது. வழக்கமாகக் கூடப் போகிறவனுக்கு அன்று காய்ச்சல் என்பதால் கனிசியஸ் தனியேதான் போயிருந்தார். அவரை அடுத்த நாள் புங்குடுதீவுக் கரையில் எடுத்தார்கள்.

ஒன்பதரை கடந்து கொஞ்சத்தில் தூரத்திலிருந்து அந்தப் படகு கவிழ்ந்து கிடக்கக் கண்டதாக ஒருவர் சொன்னார். அழைப்பு வந்தது ஒன்பது ஐம்பத்தேழுக்கு. சனம் கணக்குப் பார்த்தது. செத்தவீட்டுப் பந்தலுக்குள்ளேயே அந்தக் கதை தொடங்கிவிட்டது.

"வீம்புக்காரன். சத்தியின்ரை பெட்டியிட்டைப் போய்க் கைநீட்டுறதோ எண்டு இருந்திருப்பான்."

"படகு பிரண்ட பிறகுதான் பெட்டியின்ரை ஞாபகம் வந்திருக்கு."

மக்டலீன் அக்காவும் அதை நம்பினார். அதுதான் எங்களால் பார்க்க முடியாமல் இருந்தது. சவப்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அழவில்லை. முகத்தைப் பார்த்துப் பேசினார். "முப்பது வருசம் என்ரை சொல்லை நீர் கேட்டதில்லை. சரி. ஒரு பொத்தான். ஒரு பொத்தானை அழுத்த உமக்கு என்ன வெக்கம்? எங்களை நினைக்கேல்லையே நீர்?"

லெனாட் அண்ணை பந்தலுக்கு வெளியே போய் நின்றார்.

பன்னிரண்டு நாள் கழித்துச் சங்கம் அறிக்கை கேட்டது. பதிவுகளை எடுக்க அவர் சேர்வர் அறைக்குள் போனார். சற்று நேரத்தில் என்னைக் கூப்பிட்டார்.

"கம்பஸ் தம்பி, இஞ்சை வா. இதிலை ரெண்டு நேரம் கிடக்குது. ரெண்டாவது நாங்கள் எடுத்த நேரம். முதலாவது என்ன?"

"பெட்டி அனுப்பின நேரம்."

"வடிவாப் பாத்துச் சொல்லு."

பார்த்தேன். பெட்டி அனுப்பிய நேரம் ஒன்பது பதினாலு. நாங்கள் எடுத்தது ஒன்பது ஐம்பத்தேழு. அதற்குக் கீழே இன்னும் மூன்று அழைப்புகள் இருந்தன. ஒன்பது பத்தொன்பது. ஒன்பது இருபத்தாறு. ஒன்பது முப்பத்தொன்று.

"நாப்பத்து மூண்டு நிமிசம் எங்கை நிண்டது?" என்று கேட்டார்.

விடையைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மணித்தியாலம் எடுத்தது. படகு வேலைகளுக்கென்று ஒரு வேலி போட்டிருந்தோம். எட்டு கோருக்கும் அதில் இடம் இருந்தது. கரண்ட் போய் ஆறு கோர் நின்றபோது, அந்த ஆறின் இலக்கங்களையும் இயங்குதளம் வேலியிலிருந்து எடுத்துவிட்டது. கரண்ட் வந்ததும் ஆறும் எழும்பின. இலக்கங்களைத் திரும்ப வேலிக்குள் எழுதும் வரி அண்ணையின் புரோகிராமில் இல்லை. ஏழு பதினொன்றிலிருந்து நானூற்றுப் பத்துப் படகின் வேலையும் இரண்டு கோர்களின் வாசலில் நின்றது. ஆறு சும்மா இருந்தன. இரண்டு முழுதாக மூச்சுவாங்க ஆறு சும்மா இருந்தால் எட்டுக்கும் சராசரி இருபத்தைந்து வீதம். திரை சராசரியைத்தான் காட்டியது.

அதோடு இன்னொன்றும் இருந்தது. சாதாரண இடக்குறிப்பையும் அவசர அழைப்பையும் ஒரே வரிசையில் வாங்கும் புரோகிராமை எழுதியது நான். அழைப்புக்குத் தனிவழி விட்டிருந்தால், இரண்டு கோர் என்றாலும் அது முன்னால் போயிருக்கும். அதையும் அவரிடம் சொன்னேன்.

அவர் அதைக் காதில் எடுத்ததாகத் தெரியவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பச்சை லைற் எரிஞ்சிருக்கும் என்ன?"

"ஓம் அண்ணை. சேர்வர் வாங்கினவுடனை எரியும். அதுக்குப் பிறகுதான் வரிசை."

"அப்ப அவர் நாங்கள் வாறம் எண்டு நினைச்சிருக்கிறார்." பிறகு சொன்னார்: "காத்து புங்குடுதீவுப் பக்கந்தான் தள்ளினது. நங்கூரம் போடாட்டி படகு கரையிலை போய் முட்டியிருக்கும்."

றஞ்சித்திடம் போனோம். அவர் முழுவதையும் கேட்டார். கெட்ட மனிதர் அல்ல. முகம் கறுத்துப் போயிற்று. வேலியை அன்றே திருத்தச் சொன்னார். அழைப்புக்குத் தனிவழியும் போடச் சொன்னார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து இருந்தார்.

"லெனாட், இதை இப்ப வெளியாலை கதைக்கவேண்டாம்."

"கனிசியஸ் அண்ணையை வீம்பன் எண்டு சனம் கதைக்குது."

"கதைக்குதுதான். நீர் உண்மையைச் சொன்னா நாளைக்கே நானூறு பெட்டியும் கழண்டு வரும். மார்கழிக் கடல் முன்னுக்கு நிக்குது. மெசின் இப்பதான் சரியாயிருக்கு. சரியா இருக்கேக்கை கழட்டி வைச்சிட்டுப் போய் இன்னொருத்தன் செத்தா அதுக்கு ஆர் பொறுப்பு? செத்தவர் வரமாட்டார். இருக்கிறவையைப் பாரும். தை மாசம் நானே வந்து சொல்லுறன்."

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. என்னுடைய பெயரும் வெளியே வராது என்பதும் அந்த நியாயத்துக்குள் இருந்தது.

லெனாட் அண்ணை இரண்டு கிழமை பொறுத்தார். ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகும்போது மக்டலீன் அக்காவின் வாசற் படலையைத் தாண்டித்தான் போகவேண்டும். முப்பத்தோராம் நாள் பூசைக்கு இரண்டு நாள் இருக்க, மத்தியானச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, "நான் போறன். நீ வாறியோ?" என்றார். போனேன்.

மக்டலீன் அக்கா முற்றத்தில் இருந்து பலகாரத்துக்கு உழுந்து புடைத்துக்கொண்டிருந்தார். லெனாட் அண்ணை நின்றபடியே தொடங்கினார். எட்டு கோர், வேலி, கரண்ட் என்று சொல்லிக்கொண்டு போனார். எங்கள் எல்லோருக்கும் விளக்கம் சொல்லும் மனிதர், அன்று வார்த்தை தடுமாறினார். அக்கா சுளகைக் கீழே வைத்தார்.

"லெனாட், பெட்டிக்குள்ளை நடந்ததை விடு. இவர் அழுத்தினவரோ?"

"ஓம் அக்கா."

"எத்தினை மணிக்கு?"

"ஒன்பது பதினாலு."

"பிறகு?"

"ஒன்பது பத்தொன்பது. ஒன்பது இருபத்தாறு. ஒன்பது முப்பத்தொண்டு."

"பிறகு?"

"இல்லை அக்கா."

அவர் விரலை மடித்து எண்ணினார். நாலு. அந்த நாலு விரலையும் மற்றக் கையால் பொத்திக்கொண்டார். பிறகு கேட்டார்: "அந்தக் காத்துக்குள்ளை நங்கூரம் ஏன் போட்டவர்? முப்பத்தைஞ்சு வருசம் தொழில் செய்த மனிசன்."

"நான்தான் போடச் சொன்னனான்."

"நீ சொன்னாப் போல?"

"ஓம் அக்கா. நான் சொன்னாப் போல."

அக்கா கத்துவார், மண்ணை அள்ளி எறிவார் என்று நினைத்தேன். அவர் சுளகிலிருந்த உழுந்தைப் பார்த்துக்கொண்டு, "செத்த மனிசனைப் பாத்து நான் கேட்ட கேள்வி" என்றார். முடிக்கவில்லை. பிறகு எங்களைப் பார்க்காமலே சொன்னார்: "எனக்குச் சொல்லிப் போட்டுப் போகலாமெண்டு வந்தனீ. எனக்கு மட்டும் சொன்னாக் காணாது. நாளையிண்டைக்குப் பூசை முடிய, சனம் நிக்கேக்கை, அந்த நாலு நேரத்தையும் உன்ரை வாயாலை சொல்லு."

சொன்னார். பூசை முடிந்ததும் லெனாட் அண்ணை கோயில் முற்றத்தில், தேத்தண்ணிக் கோப்பையோடு நின்ற சனத்துக்கு முன்னால் நாலு நேரத்தையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். அழைப்பு எங்கள் மெசினில் நின்றது, நிற்க வைத்த புரோகிராம் தன்னுடையது, நங்கூரம் போடச் சொன்னதும் தான்தான் என்றார். ஒருவர், "கம்பஸ் படிச்ச ஆக்களும் உங்கை இருக்கினந்தானே? அவைக்கும் தெரியாதோ?" என்று கேட்டார். லெனாட் அண்ணை என் பக்கம் திரும்பவில்லை. "மெசின் என்ரை பொறுப்பு" என்றார். நான் மதிலோரம் நின்றேன். ஒரு வசனம் போதும், என் வாயிலிருந்து அது வரவில்லை. இதை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அவரை ஒருவரும் அடிக்கவில்லை. ஒரு கிழவர் மட்டும் பக்கத்தில் வந்து, "கடலுக்குப் போகாதவன் கடலைப் பற்றிச் சொல்லிக் குடுக்கக்கூடாது" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

றஞ்சித் சொன்னபடிதான் நடந்தது. அன்று பின்னேரமே பெட்டிகள் வரத் தொடங்கின. கந்தோருக்கு அனுப்பவில்லை. லெனாட் அண்ணை வீட்டுப் படலையடியில் கொண்டுவந்து வைத்தார்கள். சிலர் வயரை வெட்டி எடுத்திருந்தார்கள். அவருடைய மனைவி றஜிதா ஒரு சாக்கை விரித்துவிட்டு உள்ளே போய்விட்டார். லெனாட் அண்ணை ஒவ்வொன்றையும் கையில் வாங்கினார். "மெசின் இப்ப சரி அண்ணை. மார்கழி மட்டும் எண்டாலும் வைச்சிருங்கோ" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். பெரும்பாலானவர்கள் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தார்கள். ஒருவர், "நீ போன வருசமும் உப்பிடித்தான் சொன்னனீ" என்றார். அந்தப் பெட்டியையும் வாங்கிச் சாக்கில் வைத்தார்.

மூன்றாம் நாள் ஜெரோசன் என்று ஓர் இளம் சம்மாட்டி, இரண்டு படகுக்குச் சொந்தக்காரர், வெறுங்கையோடு வந்து நின்றார்.

"அண்ணை, நான் கழட்டேல்லை."

லெனாட் அண்ணை பார்த்தார்.

"ஆனா அழுத்தினாலும் நங்கூரம் போடமாட்டன். உங்கடை லைற் பச்சையா எரிஞ்சாலும் போடமாட்டன்."

"போடாதை" என்றார் லெனாட் அண்ணை. "லைற்றைப் பாக்காதை. காத்தைப் பார்."

மார்கழி முடியும்போது கடலில் அறுபத்திரண்டு பெட்டிகள் இருந்தன. அந்த அறுபத்திரண்டுக்காக லெனாட் அண்ணை விடிய நாலு மணிக்கே கந்தோருக்கு வந்துவிடுகிறார். சுவரில் சராசரி காட்டிய திரையைக் கழற்றிவிட்டார். எட்டு கோருக்கும் தனித்தனியாக எட்டுக் கோடுகளும், கடைசியாக வந்த செய்தி எத்தனை நொடி காத்திருந்தது என்ற ஓர் இலக்கமும் காட்டும் திரையைத் தானே செய்து மாட்டியிருக்கிறார். அதற்கு முன்னால் கதிரையைப் போட்டு இருக்கிறார். தேத்தண்ணியை யாராவது கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். எழும்பி வந்து குடிக்கமாட்டார்.